உப்புப் பார்த்த கை

அக்கா,

இன்று காலை ஒரு பரங்கிக்காயை அரிவாள்மணையில் வைத்துப் பிளந்தேன். மேலண்டைத் தெருவிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய காய். பிளந்ததும் அந்த ஈர வாசனை எழுந்தது. வெள்ளரியின் வாசனையும் இல்லை, மழையில் நனைந்த வைக்கோலின் வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. விதைகள் நாரோடு சேர்ந்து விரல்களுக்குள் வழுக்கின. என் கை அப்படியே நின்றுவிட்டது. நம் பழைய வீட்டு வாசலில் நீ கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாய். மடியில் முறம். விதையைப் பல்லில் வைத்து உடைக்கிறாய், தோலைத் துப்புகிறாய், பச்சைப் பருப்பைக் கிண்ணத்தில் போடுகிறாய். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி அப்படி பாக்குற? தேருல வர்ற மாதாவா நானு?" என்று கேட்கிறாய்.

வருகிற மார்கழியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அந்தப் பக்கம் கடலூரில் வெள்ளைக்காரன் போய்விட்டான் என்கிறார்கள். நம் பாகூரில், மெய்ரி என்கிற கொம்யூன் ஆபீசின் மேல் இன்னும் பிரெஞ்சுக்காரன் கொடிதான். ஏரி நிறைந்திருக்கிறது. கரும்பு இந்த வருஷம் உயரமாக வளர்ந்திருக்கிறது. கன்னியாஸ்திரிகளிடம் நாலு எழுத்து படித்துவிட்டு வந்தேன் என்று என்னைக் கிண்டல் செய்வாயே, அந்த நாலு எழுத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியாது. உன்னிடம் பேசுகிற மாதிரி எழுதிவிட்டால் போதும் என்று தோன்றியது.

பூரணாங்குப்பத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த நாள் நினைவிருக்கிறதா? கடல் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். இங்கே வந்ததும் காது வெறுமையாக இருந்தது. ஏரி அவ்வளவு பெரியதாக விரிந்து கிடந்தும் ஒரு சத்தமும் போடவில்லை. கடல் தூங்கிப்போனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரே அடுப்பு. மூத்தவள் நீ, இளையவள் நான். எப்போது சண்டை வரும் என்று தெருவே காத்திருந்தது. நீயோ என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. "கொஞ்ச நாளு உக்காந்து துன்னுடி. அப்பால காலம் பூரா வேகத்தான் போற" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் தெருவில் யாராவது பன்றி அடித்திருப்பார்கள். நம் பங்கை வாழையிலையில் சுற்றி வாங்கி வருவாய். மண்சட்டியில் மல்லியும் மிளகும் காய்ந்த மிளகாயும் வறுபடும் வாசனை ஏரிக்கரை வரைக்கும் போகும். கறி பாதி வெந்திருக்கும்போதே மரக்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதுவாய். கடித்து, கண்ணை மூடி, ஏதோ தூரத்துப் பாட்டைக் கேட்கிறவள் போல ஒரு நொடி நிற்பாய். "உப்பு பத்தல" என்பாய். அல்லது ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டுவாய். கறியின் உப்பு உனக்குக் கண்ணை மூடினால்தான் தெரியும்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும், சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைக் கொட்டிப் பிசைவாய். அந்தச் சட்டிச் சோற்றுக்கு நாங்கள் எல்லாம் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். உன் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், நான். எல்லாருக்கும் முன்னால் என் வீட்டுக்காரர். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கையை நீட்டிக்கொண்டு, "அண்ணி, எனக்குப் பெரிய உருண்ட" என்பார். நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லையாம். உனக்கு அவர் கொழுந்தன் என்பதைவிட மூத்த பிள்ளை என்பதே சரி. "சவரிக்கு எப்பவும் ரெண்டு பங்கு" என்று சொல்லி அவர் கையில் வைக்காமல் வாயிலேயே ஊட்டிவிடுவாய். கல்யாணமான மனுஷனுக்கு ஊட்டுகிறாளே என்று நான் முந்தானைக்குள் சிரிப்பேன்.

நான் வந்த வருஷம், நடவு முடிந்த ஒரு சாயங்காலம்தான் முதன்முதலாக அவர் விழுந்தார்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து எனக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரின் மேல் மஞ்சள் வெயில். நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. பேச்சின் நடுவில் நிறுத்தினார். அக்கரையில் யாரோ கூப்பிட்ட மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா?" என்றேன். பதில் இல்லை. அப்புறம் உடம்பு விறைத்து, மண்ணில் சாய்ந்து, கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாயில் நுரை. நான் கத்திய கத்தலில் நீர்க்காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. முதலில் ஓடிவந்தவள் நீதான். அவர் தலையை உன் மடியில் வைத்து, நாக்கைக் கடித்துவிடப் போகிறார் என்று உன் முந்தானையைச் சுருட்டி வாயில் திணிக்கப் பார்த்தாய். அப்படிச் செய்யக்கூடாது என்று அப்போது நமக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. கையில் இரும்புச் சாவி கொடுத்துப் பார்த்தோம். அந்தோணியார் கோயில் எண்ணெய் தடவினோம். தெருவில் ஒருத்தி காற்று என்றாள், இன்னொருத்தி ஏவல் என்றாள். நம் அத்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவ கால வச்ச நேரம். எம்புள்ள குத்துக்கல்லாட்டம் இருந்தான்."

நீ தூற்றிக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாய். "இன்னா அத்தே பேசுற? வந்த பொண்ணு இன்னா பண்ணும்? அதுவே மூஞ்சி செத்துப்போயி கெடக்குது."

"உனுக்கு இன்னா தெரியும்? அறுப்பு முடியட்டும். அவங்க அப்பன வரச்சொல்லி அனுப்பிச்சிடுறேன்."

சொன்னபடி பூரணாங்குப்பத்துக்கு ஆள் அனுப்பியும் விட்டார். அறுப்பு முடிந்ததும் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வருவார் என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாதவர். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அவர் கைச்சதையில், தோலுக்கு அடியில், என் விரலில் ஏதோ உருண்டது. அவரைக்கொட்டை மாதிரி. அமுக்கினால் நகர்ந்தது. கெண்டைக்காலில் ஒன்று. விலாவில் ஒன்று. உன்னிடம் வந்து சொன்னேன். "காத்து புடிச்சவனுக்குக் கொட்ட எதுக்குடி வருது?" என்றாய். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாய். "வா, ஆஸ்பத்திரிக்கிப் போவோம்."

அத்தையிடம் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அவரை நடுவில் விட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஏரிக்கரை வழியாக நடந்தது இப்போதும் எனக்குக் கனவில் வருகிறது. கனவில் கரை முடிவதே இல்லை. அல்லிப் பூக்கள் நம்மோடு கூடவே நடந்து வருகின்றன.

தருமாஸ்பத்திரி தொக்தர் புதுச்சேரியில் படித்த நம் ஊர்ப் பக்கத்து மனுஷர்தான். மூக்குக்கண்ணாடி, மெதுவான பேச்சு. கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கையை மரத்துப்போகச் செய்து, சின்னதாகக் கீறி, ஒன்றை வெளியே எடுத்தார். கட்டுப்போட அவரை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு கண்ணாடித் தட்டோடு நம்மிடம் வந்தார். தட்டில் தண்ணீர் நிறைந்த சிறு பை ஒன்று. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"பன்னிக் கறியில அரிசி மாதிரி இருக்குமே, பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பாத்திருக்கேன் சாமி. அரிசி வுழுந்த கறின்னு சொல்லுவாங்க. வெல கொஞ்சம் கம்மி" என்றாய்.

"அதேதான் இது. புழுவோட குஞ்சு."

"பன்னிகிட்டேருந்து வந்துச்சா?"

"நேரா வரல. அந்த அரிசிக் கறியை வேகாம சாப்பிட்டா, சாப்பிட்டவங்க குடல்ல நாடா மாதிரி நீளமா ஒரு புழு வளரும். பட்டை பட்டையா அறுந்து வெளியே போகும். அந்தப் பட்டையில கண்ணுக்குத் தெரியாத முட்டை இருக்கு. தோப்புல வெளிக்கிப் போனா பன்னி தின்னும், அதோட சதையில அரிசி விழும். அது ஒரு வழி. இன்னொரு வழி, அந்த ஆளு கை சரியாக் கழுவாம சோறு பிசைஞ்சு போட்டா, முட்டை அடுத்தவங்க வயித்துக்குப் போகும். அங்கேருந்து ரத்தத்துல ஏறி சதையில உட்காரும், தலையில உட்காரும். தலையில உட்கார்ந்தா வலிப்பு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டிலயோ பக்கத்திலயோ யாருக்கோ அந்தப் புழு இருக்கு. அவங்க நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கே தெரியாது."

நீ குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தாய். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாய்: "வேகாமன்னா எவ்ளோ வேகாம சாமி? உப்பு பாக்கறதுக்கு ஒரு துண்டு எடுத்துக் கடிக்கிறோமே, அதுமா?"

"பெரும்பாலும் அதுதாம்மா" என்றார் தொக்தர்.

திரும்பி வரும்போது அவரை முன்னால் நடக்கவிட்டு நீ பின்தங்கினாய். நானும் உன்னோடு நின்றேன். கரைச்சரிவில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாய். நாரை ஒன்று நாம் இருப்பதையே கவனிக்காமல் ஒற்றைக்காலில் நின்றது. காற்று இல்லை. ஏரியில் வானம் அப்படியே படுத்திருந்தது.

"எனுக்குத்தான்டி இருக்குது" என்றாய். "ரெண்டு வருஷமாப் போவுது. சொரவெத மாதிரி, பட்ட பட்டையா. யாருகிட்ட சொல்றது? வெக்கமா இருந்துச்சு. வவுத்துல ஏதோ சூடுன்னு வுட்டுட்டேன்."

எனக்கு உன்மேல் கோபம் வரும் என்று நினைத்தாயோ என்னவோ, என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் வரவில்லை, அக்கா. அவர் வாயில் நீ வைத்த உருண்டைகள்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நீ அழாமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"யாருக்கும் தெரிய வேணாம்க்கா. மருந்து சாப்பிட்டா போயிடும்னாரே. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றேன்.

"அப்ப உன்ன அனுப்பிச்சிடுவாங்களேடி" என்றாய். அவ்வளவு சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது, துணியை எடு என்று சொல்கிற மாதிரி.

மறுநாள் காலை அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர், உன் வீட்டுக்காரர், மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கட்டுப்போட்ட கையோடு சுவரில் சாய்ந்திருந்தார். நீ போய் அவர்கள் நடுவில் நின்றாய். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாய்.

"அத்தே, சவரிக்கு வந்தது இவளால இல்ல. காத்தும் இல்ல. எம்வவுத்துல புழு இருக்குது. எங்கையால போட்ட சோத்துல போயிருக்குது. தொக்தர் சொன்னாரு."

முறம் நின்றது. "இன்னாடி சொல்ற?"

நீ மறுபடியும் சொன்னாய். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும், எதையும் குறைக்காமல். உன் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

அத்தை எழுந்தார். அடுப்பங்கரைக்குப் போய், இரவில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்கு லேசாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரர்தான் பேசினார். "அண்ணி, நீ வேணும்னேவா பண்ண?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நீ அப்போதுதான் அழுதாய்.

பெரியவர் ஒன்றும் பேசாத மனுஷர். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது தோளில் பெரிய பரங்கிக்காய் ஒன்று. புழு போக முதலில் பரங்கி விதையைத்தான் தொக்தர் சொல்லியிருந்தார், அவர் வாசலைத் தாண்டும்போது நான்தான் பின்னால் போய் அதைச் சொன்னேன். யார் வீட்டுக் கூரையில் ஏறிப் பறித்தாரோ, அவர் சட்டையெல்லாம் கூரை ஓலைத் தூசி. காயை உன் முன்னால் வைத்துவிட்டு மறுபடியும் காம்பு போட உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இந்த வீடு உடையாது என்று.

நீ வாசலில் உட்கார்ந்து விதை உடைத்தது அன்றைக்குத்தான். வெல்லத்தோடு அரைத்து வெறும் வயிற்றில் சாப்பிட்டு, பிறகு விளக்கெண்ணெய் குடித்து, தொக்தர் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீர்ச் சட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாய். முதல் தடவை உடல் வந்தது, தலை வரவில்லை. தலை உள்ளே இருந்தால் மறுபடி வளரும் என்றார் தொக்தர். சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, ஏதோ செடியின் வேரிலிருந்து எடுத்த கறுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். நீ குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாய். தலை வந்தது. பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துத் தொக்தர் நமக்குக் காட்டினார். கடுகைவிடச் சிறிது. அதைச் சுற்றி முடி சூட்டிய மாதிரிக் கொக்கிகள்.

"இத்துணூண்டு தலைக்கா இத்தன பாடு?" என்று கேட்டாய். தொக்தர் வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே உங்க கை சுத்தம்மா. தாராளமா சோறு போடலாம்" என்றார்.

நீ போடவில்லை. அத்தை என்னை அனுப்பும் பேச்சை எடுக்கவே இல்லை. என் அப்பாவுக்கு வர வேண்டாம் என்று அவரே ஆள் அனுப்பினார். சமையலையும் அவரே பார்த்துக்கொண்டார். தெருவில் பெண்கள் தங்கள் பிள்ளைகளை உன் வாசலிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு போனார்கள். யாரும் அதட்டிச் சொல்லவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். நீ உன் தட்டோடு புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாய். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். "போடி அந்தாண்ட" என்றாய். போகவில்லை. புளியம்பூ நம் சோற்றில் உதிர்ந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. வழக்கமாகத் தெருவுக்கே தலைமைச் சமையல்காரி நீ. அந்த வருஷம் உன்னை யாரும் கூப்பிடவில்லை. விருந்துக்கான பன்றி நம் அத்தை வளர்த்தது, அந்தக் கறுப்புப் பெரியது. அவர் கையில் தவிடு தின்று வளர்ந்தது, மற்ற நேரமெல்லாம் பனந்தோப்பில் அவிழ்ந்து திரிந்தது. தோப்பு எதற்கு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். விடிந்ததும் ஆண்கள் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ நேராக அவர்களிடம் போனாய். உன் பின்னால் நான்.

"வாயத் தெறங்கடா. நாக்குக்கு அடியில பாக்கணும்" என்றாய். எங்கே பார்க்க வேண்டும் என்று தொக்தரிடம் கேட்டு வைத்திருந்தாய்.

ஒருவன் சிரித்தான். "தோ பார்றா, புழு வச்சிருந்தவ பன்னிக்கு வைத்தியம் பாக்க வந்துட்டா."

"ஆமாண்டா. வச்சிருந்தவதான் சொல்றேன். தெற."

சிரிப்பு நின்றுவிட்டது. குறுக்கே கட்டையைக் கொடுத்து வாயைத் திறந்தார்கள். நீ மண்டி போட்டு, துணியால் நாக்கைப் பிடித்து இழுத்துப் புரட்டினாய். அடியில், வெந்த அரிசி பரப்பின மாதிரி, வெள்ளை வெள்ளையாக.

சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காலம்காலமாகத் தின்கிறோம், என்ன ஆகிவிட்டது? நன்றாக வேகவைத்தால் போச்சு. இன்றைக்கு விருந்துக்கு எங்கே போவது? நீ எழுந்து நின்றாய். "வேகும்தான். வேகறதுக்குள்ள எத்தன பேரு உப்பு பாப்பீங்க? எங்கொழுந்தன் வெட்டுன கட்டயாட்டம் வுழுந்தான். உங்க வூட்டுலயும் புள்ளைங்க கீது."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். பன்றி அவருடையது. வருஷம் முழுக்க வளர்த்தது. அவர் கிட்டே வந்து குனிந்து அந்த நாக்கைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் கண்கள் தன் சின்ன மகனைத் தேடின. அவர் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கொன்னுட்டு, ஆழமா குழி வெட்டிப் பொதைங்கடா" என்றார் அத்தை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷ விருந்து கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காயும்தான். பிள்ளைகள் முகம் தொங்கிப்போய்க் கிடந்தது. முகம் சுளித்த பெரியவர்களும் உண்டு. அத்தைதான் பெரிய சட்டியில் குழம்பு வைத்தார். கொதி வந்து மணம் பரவியபோது கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார். நீ தூரத்தில், மரத்தடியில், வழக்கமான இடத்தில் இருந்தாய்.

"ஏய், மூத்தவளே. இன்னா அங்கயே குந்திக்கினு இருக்க? வந்து உப்பு பாரு."

நீ எழுந்து வந்தது எனக்கு இன்றும் தெரிகிறது. பத்தடி தூரம்தான் இருக்கும். ஆறு கடக்கிறவள் மாதிரி வந்தாய். குடத்திலிருந்து தண்ணீர் சரித்துக் கையைக் கழுவினாய், மறுபடியும் கழுவினாய். கருவாட்டுத் துண்டை விரலால் அழுத்தி வெந்துவிட்டதா என்று பார்த்தாய். பிறகு ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு, கண்ணை மூடினாய். "கொஞ்சம் தூக்கலு அத்தே" என்றாய். "தூக்கலுதான். அழுதுக்கினே போட்டேன்" என்றார் அத்தை. அதற்கு மேல் நீங்கள் இருவரும் அந்த விஷயத்தைப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நீ பன்றிகளைத் தோப்பில் அவிழ்த்துவிடவில்லை. பெரியவரும் என் வீட்டுக்காரரும் பனை மட்டையில் பட்டி கட்டினார்கள். நம் பன்றிகள் உள்ளே அடைந்து தவிடு தின்றன. நம் வீட்டுப் பெண்களுக்கென்று ஓலைத் தட்டி வைத்து ஆழமாகக் குழி எடுத்தோம், போனால் மண் தள்ள வேண்டும் என்று ஒரு கொட்டாங்கச்சியும் வைத்தாய். தெருவில் சில வீடுகள் பார்த்துச் செய்தன. பல வீடுகள் செய்யவில்லை. மறுவருஷம் செய்தவர்களும் உண்டு, கடைசிவரை சிரித்தவர்களும் உண்டு. ஆனால் பன்றி அடிக்கிற நாளில் வாயைத் திறந்து பார்க்காமல் கத்தி வைக்கிற வழக்கம் நின்றுபோனது. "கறி கரையட்டும், அப்பால உப்பு" என்று நீ சொன்னதை இப்போதும் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள், யார் சொன்னது என்றுகூடத் தெரியாமல்.

இவருக்கு வலிப்பு உடனே நிற்கவில்லை. வெள்ளை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை கரும்புக் கொல்லையில் கையில் கத்தியோடு விழுந்தார், கத்தி தூரப்போய் விழுந்தது. உள்ளே இருப்பவை தாமாகவே செத்துக் கல்லாகிவிடும், பொறுங்கள் என்றார் தொக்தர். அவர் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போன பிறகு, மெல்ல மெல்ல, எப்போது என்று சொல்ல முடியாதபடி, நின்றுவிட்டது. கையில் ஒரு கொட்டை மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கிறது. "அண்ணி குடுத்த சீதனம்" என்று தடவிக்கொள்கிறார். உன் சவப்பெட்டியை முன்னால் நின்று சுமந்தவர் அவர்தான். யாரையும் தோள் மாற்றவிடவில்லை.

நீ கரண்டியால்தான் பரிமாறினாய், வருஷக்கணக்காக. யாருக்கும் உருண்டை பிசைந்து கொடுக்கவில்லை. என் மகள் பிறந்த அன்று எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. ரத்தம் நிறையப் போயிருந்தது. நீ பத்தியச் சோற்றைக் கரண்டியால் குழைத்து எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். கரண்டியைத் தேடினாய். கரண்டி அடுப்பங்கரையில் இருந்தது. நீ எழுந்திருப்பதற்குள் நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே படுத்திருந்தேன். என்னைப் பார்த்தாய், உன் கையைப் பார்த்தாய், மறுபடி என்னைப் பார்த்தாய். "பிடிவாதக்காரி" என்றாய். வெளியே மழை. பிள்ளை தூளியில் முனகிக்கொண்டிருந்தது. நீ ஊட்டினாய்.

போன மார்கழியில் மார்ச்சளியும் காய்ச்சலும் வந்து நீ படுத்தபோது நான் உனக்கு ஊட்டினேன். அதிகம் சாப்பிடவில்லை நீ. கடைசி நாட்களில் ஏரியைப் பார்க்க வேண்டும் என்றாய். கட்டிலோடு தூக்கி வந்து வாசலில் வைத்தோம். பார்த்துக்கொண்டே போய்விட்டாய்.

ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன், அக்கா. போன வாரம் கீழண்டைத் தெருவில் புதிதாக வாழவந்த பெண், பண்டசோழநல்லூர்க்காரி, என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். உள்ளே வராமல் வேலி ஓரத்திலேயே நின்றாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். போகாமல் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே, பட்டை பட்டையாக என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னம் முழுக்கச் சிவந்துவிட்டது.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். "எங்கக்காவுக்கும் இருந்துச்சு" என்றேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன் என்றேன். வீட்டில் சொல்ல வேண்டும், சோறு போடுகிற கை அவளுடையது, அதனால் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அவங்க மாமியாருகிட்ட, எல்லார் எதுருலயும் சொன்னாங்களா? அவங்களுக்கு வெக்கமா இல்லியா?"

அந்தக் காலையில் வாசலில் நின்ற உன் சிவந்த கழுத்து எனக்குத் தெரிந்தது.

"பட்டாங்க" என்றேன். "வெக்கப்பட்டுக்கினேதான் சொன்னாங்க."